வைஸ் அட்மிரல் அசோக் குமார்: போர்க்கப்பலிலிருந்து பாதுகாப்பு ஆலோசனைக்கு

தென்காசி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. அதனாலோ என்னவோ, சங்கரன்கோவில் பக்கம் நம் பிள்ளைகளிடம் கடற்படை வேலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் கடற்படையின் இரண்டாம் உயர் பொறுப்பு வரை சென்ற வைஸ் அட்மிரல் ஜி. அசோக் குமார் படித்தது உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகர் சைனிக் பள்ளியில். அங்கே இருப்பது அணைதான், கடல் அல்ல!

1982 ஜூலையில் அதிகாரியான அவர், கப்பலுக்கு வழிகாட்டும் நேவிகேஷன் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். 2019 ஜனவரி இறுதியிலிருந்து 2021 ஜூலை வரை கடற்படைத் துணைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றார். 2022 பிப்ரவரியில் நாட்டின் முதல் தேசிய கடல்சார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்பட்டார்.

இப்படி ஒரு பதவி எதற்கு? 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் நடுக்கடலில் ஓர் இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில்தான் வந்தார்கள். கடற்படை, கடலோரக் காவல்படை, சுங்கத்துறை, துறைமுகம், மாநிலப் போலீஸ் என ஆளுக்கொரு பக்கம் காவல் இருந்தும் தடுக்க முடியவில்லை. இவர்களை ஒருங்கிணைத்து, தேசிய பாதுகாப்பு ஆலோசகரின் கீழ் அரசுக்கு ஆலோசனை சொல்வதே இப்பொறுப்பு. படகுப் பதிவு, மீனவர் அடையாள அட்டை என்று காயல்பட்டினம், கீழக்கரை வரை வந்து தொடும் விஷயம் இது.

சைனிக் பள்ளியில் சேர 6, 9ஆம் வகுப்புகளுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதைத் தவறவிட்டவர்கள் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்து, யூபிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை நடத்தும் என்டிஏ தேர்வை எழுதலாம். 2021 முதல் பெண் பிள்ளைகளுக்கும் அத்தேர்வு திறந்திருக்கிறது.