கிம் (குடும்பப் பெயர்)

கொரியாவில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் கிம். தென்கொரியாவின் 2015ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1 கோடியே 7 லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல், இப்பெயரைத் தாங்கியவர்கள். லீ, பார்க் ஆகியவை அடுத்த இடங்களில் உள்ளன.

கிம் என்பவர் எல்லாரும் ஒரே குலத்தார் அல்லர். முன்னோரின் மூல ஊரை வைத்தே குலம் அறியப்படுகிறது. இதைப் போன்குவான் என்பர். சுமார் 44 லட்சம் பேரைக் கொண்ட கிம்ஹே கிம் குலமே மிகப் பெரியது. சுமார் 18 லட்சம் பேருள்ள கியோங்ஜு கிம் குலத்தார், பொற்பேழையில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை எனக் கதை சொல்லும் கிம் அல்ஜியைத் தம் முதல்வராகக் கொள்கின்றனர். அவர் வழிவந்தோர் சில்லா நாட்டை நெடுங்காலம் ஆண்டனர்.

கிம்ஹே குலத்தின் முதல்வர் காயா நாட்டு மன்னர் சூரோ. அவர் கி.பி. 48இல் அயுதா என்ற நாட்டிலிருந்து கடல் வழியே வந்த இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக்கை மணந்தார் என்கிறது 13ஆம் நூற்றாண்டு நூலான சம்குக் யூசா. அயுதா என்பது அயோத்தி என்போர் உண்டு. தமிழகக் கடற்கரை என்போரும் உண்டு. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட ஒரு குறிப்பை மட்டும் கொண்டு இரண்டில் எதையும் நிறுவ முடியாது. ஆனால் கதையின் பிடி வலுவானது: பிள்ளைகளில் இருவர் தாயின் பெயரை ஏற்றதாக மரபு சொல்வதால், கிம்ஹே கிம் குலத்தாரும் கிம்ஹே ஹோ குலத்தாரும் பங்காளிகளாகிக் கொள்வினை கொடுப்பினையைத் தவிர்த்து வந்தனர்.

இந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அனைவரும் அரசர்களின் வாரிசுகளா? இல்லை. சோசன் அரசுக் காலத்தில் அடிமைகள் உட்பட எளிய மக்கள் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. வம்சாவளி ஏடான ஜொக்போவில் பெயர் இருந்தால் உயர்குடி. இல்லையேல் வரியும் படைக்கடமையும் தலைமேல். 1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்புக்குப் பின் கஜானா வறண்ட அரசு, பெயர் எழுதாத பதவிச் சான்றுகளைப் பணத்துக்கு விற்றது. நொடித்துப்போன உயர்குடியினர் தம் ஏடுகளில் வசதி படைத்த பிறருக்கு இடம் கொடுத்தனர். 1894இல் சாதிப் படிநிலையும் அடிமை முறையும் சட்டப்படி ஒழிந்தன. 1909இன் குடிப்பதிவுச் சட்டம் எல்லாரையும் குடும்பப் பெயருடன் பதியச் செய்தது. பெயரற்றோர் பலர் பழைய எசமானரின் பெயரையோ, வட்டாரத்தில் மதிப்புள்ள பெயரையோ எடுத்துக்கொண்டனர். கிம் பெருகியதில் இரத்த வழிக்கு மட்டுமல்ல, மதிப்புள்ள பெயருக்கான இந்த ஏக்கத்துக்கும் பங்குண்டு.

1940இல் ஜப்பானிய ஆட்சி கொரியரை ஜப்பானியப் பாணிப் பெயர்களுக்கு மாற நெருக்கியபோது, கிம்கள் பலர் கனெமுரா, கனெயாமா போன்றவற்றைத் தேர்ந்தனர். அவற்றின் முதலெழுத்து கிம்முக்குரிய அதே எழுத்து. விடுதலைக்குப் பின், 1946இல் பழைய பெயர்கள் திரும்பின.

பெருங்குலத்தில் பிறந்ததற்கு விலையும் இருந்தது. ஒரே பெயரும் ஒரே மூல ஊரும் கொண்டோர் மணப்பதைத் தென்கொரியாவின் குடியியல் சட்டம் தடுத்தது. முன்பின் அறியாத இரு கிம்ஹே கிம்கள் காதலித்தாலும் திருமணத்தைப் பதிய இயலாதிருந்தது. பிள்ளைகளும் மணவுறவுக்கு வெளியே பிறந்தவர்களாகவே கருதப்பட்டனர். 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. 2005இன் சட்டத் திருத்தம் அதற்குப் பதிலாக நெருங்கிய உறவினருக்கிடையேயான தடையை மட்டும் வைத்தது.