மானி நாட்டின் கல்லும் குலமும்

கிரேக்க நாட்டின் தென்பாகமாகிய பெலொப்பொனீசு, கடலினுள் மூன்று விரல்கள் போல நீண்டு முடிகின்றது. அவற்றுள் நடுவிரலாக அமைந்த நிலமே மானி. 2,400 மீற்றருக்கு மேல் உயர்ந்த தைகெற்றசு மலைத்தொடர் தெற்கு நோக்கித் தாழ்ந்து, இந்நிலத்தின் முதுகெலும்பாய் ஓடித் தைனரோன் முனையிற் கடலுட் புகுகின்றது. அம்முனையிலுள்ள குகையொன்றைப் பாதாள உலகின் வாயிலெனப் பண்டைக் கிரேக்கர் நம்பினர்.

மானியின் மண் சொற்பம், கல்லோ மிகுதி. சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடே மழைநீர் மறைந்துவிடுதலின், மக்கள் அதனைத் தொட்டிகளிற் சேமித்தே வாழ்ந்தனர். கல்லடுக்கிய படிகளில் ஒலிவமரத்தையும், ஊறவைத்துக் கசப்பு நீக்கியுண்ணும் லூப்பின் பயற்றையும் வளர்த்தனர். இலையுதிர் காலத்தில் ஆபிரிக்காவை நோக்கிச் செல்லும் காடைகளை வலையிற் பிடித்து உப்பிட்டனர். போர்ட்டோ காயோ என்னும் துறையின் பெயரே 'காடைத்துறை' எனப் பொருள்படுவது.

இத்தகைய நிலம் தன் மக்களைக் காத்ததா, வருத்தியதா என்பது ஆராயற்பாலது.

காத்தது என்பதற்குச் சான்றுகள் பலவுள. பத்தாம் நூற்றாண்டிற் பைசாந்தியப் பேரரசன் ஏழாம் கொன்ஸ்தந்தைன் எழுதிய நூல், மானியர் பழைய தெய்வங்களையே வழிபட்டு வந்தனரென்றும், முதலாம் பசிலின் ஆட்சியிலேயே (867–886) திருமுழுக்குப் பெற்றனரென்றும் கூறுகின்றது. 1460இல் ஒற்றோமன் துருக்கர் பெலொப்பொனீசைக் கைப்பற்றிய பின்னரும் மானி முற்றாக அடங்கவில்லை. 1776 முதல் உள்ளூர்க் குலத்தலைவர் ஒருவரையே 'பே' என்னும் பட்டத்துடன் நியமித்து, அவர் வாயிலாகவே துருக்கர் ஆண்டனர்.

ஆயினும் அந்நியனின் அதிகாரம் நுழையாத இடத்தில் நீதிமன்றமும் நுழையவில்லை. ஒவ்வொரு குலமும் தன்னைத் தானே காக்கவேண்டியிருந்தது. அதனால் எழுந்தவையே வாத்தியா, கீத்தா முதலிய ஊர்களில் இன்றுங் காணப்படும் உயர்ந்த கற்கோபுர வீடுகள். சிறுதுண்டு நிலத்துக்காகவோ மானத்துக்காகவோ மூண்ட குலப்பகை தலைமுறைகளாக நீண்டது. ஆண்மக்களைத் 'துப்பாக்கிகள்' என்றே குலத்தார் எண்ணினர். அறுவடைக் காலத்தில் 'திரேவா' எனப்பட்ட தற்காலிக அமைதி நிலவியது. பகைகளுக்கும் வறுமைக்கும் ஆற்றாது வெளியேறியோரும் உளர். 1675இல் ஒயித்திலோவிலிருந்து புறப்பட்ட சில நூற்றுவர் கோர்சிக்காத் தீவிற் குடியேறினர்.

இப்பகையின் வரலாற்றைப் பேணியோர் பெண்களே. மாண்டவனைச் சூழ்ந்திருந்து எண்சீரசை அடிகளில் அவர்கள் பாடிய ஒப்பாரி, துயரை ஆற்றுவதோடு நில்லாது, கொன்றவன் பெயரைச் சொல்லிப் பழிவாங்கத் தூண்டியது. ஏட்டில் எழுதா வழக்குரையாக அது விளங்கிற்று.

1821 மார்ச் 17இல் அரேயோபொலியில் குலங்கள் தம்முட் பகை மறந்து, பெத்ரோபே மவ்ரோமிக்காலிசின் தலைமையில் விடுதலைப் போரைத் தொடங்கின. 1826 யூனில் எகிப்தியத் தளபதி இபுறாகீம் பாசாவின் படை தீரோசுக் கரையில் இறங்கியபோது, வயலில் அறுவடை செய்துகொண்டிருந்த பெண்கள் அரிவாளேந்தி எதிர்த்தனர்.

ஆனால் தாம் குருதி சிந்திப் பெற்ற அரசுக்கே மானியர் அடங்க மறுத்தனர். ஆட்சித்தலைவர் கப்போதிஸ்திரியாசு பெத்ரோபேயைச் சிறையிட்டார். அதற்குப் பழியாக, 1831இல் நவ்பிலியோ நகர்க் கோயில் வாயிலிற் பெத்ரோபேயின் தம்பியும் மகனும் அவரைக் கொன்றனர். அந்நியரை எதிர்த்த அதே கை, தன்னாட்டின் முதல் ஆட்சித்தலைவரையும் வீழ்த்தியது. 1834இல் கோபுரங்களை இடிக்க வந்த ஓத்தோ மன்னனின் பவேரியப் படையும் விரட்டப்பட்டது.

பின்னர்ச் சட்டம் மெல்ல வேரூன்றியது, பகைகள் ஓய்ந்தன. எனினும் பிழைப்பு நாடி இளைஞர் பிரேயசுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் பெயர்ந்தமையால் ஊர்கள் வெறுமையாயின. முற்றுகைகள் பலவற்றைத் தாங்கிய கோபுரங்கள் வறுமையை வெல்ல இயலாது ஆளரவமற்று நின்றன. அவற்றுட் சில இன்று விருந்தினர் விடுதிகளாயுள்ளன.

கல் மானியரை அந்நியரிடமிருந்து காத்தது மெய்யே. அண்டைவீட்டானையும் அந்நியனாக்கியது அக்கல்லே. சுதந்திரத்தைக் காக்க அரண் போதும். சுதந்திரத்தோடு கூடி வாழ அறமும் நீதியும் வேண்டுமென்பதே அப்பாறை நிலத்தின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.