ஆன்பொருநை மணலில் சேரன் முகம்

சேரர் தலைநகரைத் தேடிக் கரூருக்குப் போகிறவர்கள் அரண்மனையையோ மதிலையோ பார்க்க முடியாது. அந்த நகரத்துக்குப் பெரிய சாட்சி அமராவதி ஆறுதான். சங்கப் புலவர்கள் ஆன்பொருநை என்று பாடிய ஆறு இது. கடந்த நூற்றாண்டில் இதன் மணலைச் சலித்தவர்கள் கையில் ரோமானியக் காசுகளும் சேரர் காசுகளும் அகப்பட்டன. ஒரு வெள்ளிக் காசில் பக்கவாட்டில் திரும்பிய அரசனின் தலை. அதற்கு மேலே தமிழ் பிராமியில் ‘மாக்கோதை’ என்ற பெயர். ரோமப் பேரரசர்களின் முகம் பொறித்த காசு தாராளமாகப் புழங்கிய ஊரில்தான் இப்படியொரு காசை அடிக்கத் தோன்றியிருக்கும்.

சேரர் துறைமுகமான முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குக்குள் வந்தது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்தது தற்செயல் அல்ல. நொய்யல் கரைக் கொடுமணலின் மணிக்கல் பட்டறைகளையும் தொட்டுக்கொண்டு அந்தப் பெருவழி கரூரை அடைந்து, காவிரியோரமாகக் கிழக்கே போனது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி ‘கரூரா’வைச் சேர அரசனின் ஊர் என்றே குறித்தார்.

சேரர் தலைநகரான வஞ்சி எது, கரூரா கேரளத்துக் கொடுங்கல்லூரா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. எனக்குத் தீர்ப்பு கரூரை அடுத்த புகழூரில் இருக்கிறது. வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டார் மலையில், சமணத் துறவிக்காகக் குடைந்த படுக்கைக்கு அருகே ஒரு கல்வெட்டு. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைப் பெயர். இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது செய்த கொடை அது. சேர அரசர்களைப் பாடும் பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்களோடு இந்த வரிசையை அறிஞர்கள் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். அதே மலையில் கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவனின் கொடையும் ‘கருஊர்’ என்ற பெயரோடு பதிவாகியிருக்கிறது. அரசனும் வணிகனும் ஒரே பாறையில் பெயர் பொறித்த நகரத்தை இதைவிட நெருக்கமாக எங்கே பார்ப்பது?

பிறகு சம்பந்தர் பாடிய ஆனிலைப் பசுபதீசுவரர் கோயில், திப்புவோடும் ஐதரோடும் கும்பினியார் மோதிய கோட்டை, கைத்தறி, 1995இல் தனி மாவட்டம் என்று ஊர் வளர்ந்துகொண்டே போனது. 1970களில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது ரோமானிய ஆம்போரா சாடிச் சில்லுகள் கிடைத்தன. ஆனால் பழைய நகரத்தின் மேலேயே இன்றைய வீடுகள் நிற்கின்றன. விரிவாகத் தோண்ட இடமில்லை. ஆற்றில் எடுத்த காசுகளோ எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்ற குறிப்பே இல்லாமல் கைமாறிவிட்டன. மிஞ்சிய ஆற்றுப்படுகையையாவது மணல் அள்ளுகிறவர்களிடமிருந்து காப்பாற்றியாக வேண்டும்.

அடுக்கு அடுக்காகத் தோண்டிப் படித்த கொடுமணலுக்கு அடுத்த வாரம் போவோம்.