முத்திரைத்தாளில் ஒரு பையன்

படிப்பை இடையில் விட்டுப் பட்டறைக்குப் போகும் பையன்களை வில்லாபுரம் போன்ற இடங்களில் நாம் அறிவோம். அவனுக்காக முதலாளியிடம் பேசுபவர் யார்?

இந்தியாவில் 1850-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 10 முதல் 18 வயதுவரையுள்ள பிள்ளைகளைத் தொழில் பழக ஒப்படைக்க வழிசெய்தது. அநாதைக்கும், சில்லறைக் குற்றத்தில் சிக்கியவனுக்கும் மாஜிஸ்திரேட்டே காப்பாளராய் நின்று ஒப்பந்தம் செய்யலாம். நோக்கம் நல்லதே, ஆனால் ஒரு மாஜிஸ்திரேட்டு எத்தனை பட்டறை ஏறி இறங்க முடியும்?

ஈராண்டு கழித்து, 1852 பிப்ரவரியில், தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ ஒரு தச்சரோடு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினார். பையனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. தச்சுத்தொழிலுக்குப் புறம்பான வேலை ஏவக் கூடாது. திருநாள்கள் முழுவதும் அவனுடையவை. ஆண்டுக்கு 15 நாள் விடுமுறையும் உண்டு. கூலி படிப்படியாக உயர வேண்டும். வெறும் இரக்கத்தை நம்பாமல், அதை நிபந்தனைகளாக எழுதி வாங்கியதே இதில் பெரிது என்று எனக்குப் படுகிறது. பையனின் நடத்தைக்குத் தாமும் துணைநிற்பதாகக் குரு வாக்களித்தார். அவன் தந்தையும் கையொப்பமிட்டார்.

தொன் போஸ்கோவின் சலேசிய சபையினர் 1906-இல் தஞ்சாவூர் வந்து சேர்ந்தனர். சென்னைச் சிறுவர் சட்டம், இந்திய மாகாணங்களில் முதலாவதாக, 1920-இல்தான் பிறந்தது.