வருஷம் போடாத போஸ்டர்கள்

சென்னையின் சங்கீத சரித்திரத்தை எழுதியவர்கள் பலர். 1927 டிசம்பரில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஒரு சங்கீத மாநாடு நடந்ததும், அதன் பலனாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்ததும் நமக்குத் தெரியும். அகாடமி 1931-ல் ஆரம்பித்த இசை ஆசிரியர் கல்லூரிக்கு டைகர் வரதாச்சாரியார் முதல்வரானார். 1936-ல் அடையாறில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்தார். 1949-ல் அரசு ஒரு கர்நாடக இசைக் கல்லூரியைத் தொடங்கி, முசிரி சுப்ரமணிய ஐயரை அதன் முதல் முதல்வராக நியமித்தது. இவையெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. வித்வான்கள் பாடியது பத்திரிகை விமர்சனங்களில் இருக்கிறது.

ஆனால் மாணவர்கள் பாடிய கச்சேரிகள் எங்கே இருக்கின்றன? கல்லூரி ஹாலில், கோயில் மண்டபத்தில், யாரோ ஒருவர் வீட்டு மாடியில், சபாக்களின் மத்தியானக் கச்சேரிகளில் என்று எத்தனை நடந்திருக்கும்! மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாறிலும் வளர்ந்த நம்மில் பலர் பாடியிருக்கிறோம், பக்கவாத்தியம் வாசித்திருக்கிறோம். குறைந்தபட்சம் ஜமுக்காளமாவது விரித்திருக்கிறோம். 1985-ல் இளைஞர்களே கூடி யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிக்கல் மியூசிக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் பாடிய சிலர் பின்னாளில் பெரிய வித்வான்கள் ஆனார்கள். அவர்களைப் பற்றி எழுத ஆள் உண்டு. பி.காம். முடித்து பாங்கில் சேர்ந்துவிட்ட வயலின்காரரைப் பற்றி, கல்யாணத்துக்குப் பிறகு பாட்டை நிறுத்திவிட்ட பாடகியைப் பற்றி எழுத யார் இருக்கிறார்கள்? அவர்கள் ஒருநாள் மேடை ஏறினார்கள் என்பதற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி பெரும்பாலும் ஒரு போஸ்டர்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்தக் காலத்தில் ஐம்பது, நூறு போஸ்டர் வேண்டும் என்றால் அச்சகத்தில் என்ன சொல்வார்கள்? ட்ரெடில் மெஷினில் அடிக்கலாம். ஆனால் பெரிய தமிழ் எழுத்துக்குக் கட்டை எழுத்து வேண்டும், அது அச்சகத்தில் இருக்கிற ஒன்றிரண்டு தினுசுகளில்தான் கிடைக்கும். ஒரு தம்பூரா படம் வேண்டும் என்றால் தனியாக பிளாக் எடுக்க வேண்டும். ஆப்செட் என்றால் ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். மாணவர் சங்கத்தின் கஜானாவில் இருந்ததோ ஆளுக்கு அஞ்சு ரூபாய் வசூல். அந்த நிலையில் கைகொடுத்தது ஸ்கிரீன் பிரிண்டிங். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கடைப் பை, ஸ்டிக்கர் என்று தெருவுக்குத் தெரு அடித்துக்கொண்டிருந்த தொழில் அது. ஒரு மரச்சட்டம், துணி, மை, ரப்பர் பட்டை வைத்த ஒரு கட்டை. மெஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

இந்த வித்தைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. வெட்டிய காகிதத்தின் வழியே துணிக்குச் சாயம் ஏற்றுவதில் ஜப்பானியர்கள் பல நூற்றாண்டுகளாகக் கைதேர்ந்தவர்கள். பட்டுத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அச்சிடும் முறைக்கு 1907-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்றார். 1930-களில் அமெரிக்க அரசு வேலையில்லாத ஓவியர்களுக்கு வேலை கொடுத்தபோது, அவர்கள் நாடகத்துக்கும் கச்சேரிக்கும் இந்த முறையில் போஸ்டர் போட்டார்கள். 1968 மே மாதம் பாரிஸில் மாணவர் கிளர்ச்சி வெடித்தபோது, அங்குள்ள நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர்கள் இரவோடு இரவாக ஸ்கிரீனில் போஸ்டர் அடித்துச் சுவர்களில் ஒட்டினார்கள். அவர்களுக்கு வேகம் தேவைப்பட்டது. நமக்குச் சிக்கனம் தேவைப்பட்டது. இரண்டும் ஒரே சட்டத்தில் கிடைத்தது!

தெரியாத இளைய தலைமுறைக்காகச் செய்முறையைச் சொல்கிறேன். டிரேசிங் பேப்பரில் இந்தியன் இங்க்கால் எழுத்தையும் படத்தையும் கருப்பாக வரைய வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஜெலட்டின் கரைசலோடு பைக்ரோமேட் உப்பைக் கலந்து, இருட்டறையில் பூசிக் காயவைக்க வேண்டும். (அந்த உப்பு உடம்புக்குக் கெடுதல். அப்போது வெறும் கையால் தொட்டவர்கள் நிறைய. இப்போது யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.) காய்ந்த துணிமேல் டிரேசிங் பேப்பரை வைத்து, மேலே கண்ணாடியை அழுத்தி, மொட்டை மாடி வெயிலில் சில நிமிஷம் காட்டினால் வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கருப்பு எழுத்துக்கு அடியில் வெளிச்சம் படாத இடம் இளகியே இருக்கும். தண்ணீர் ஊற்றினால் அது கரைந்து, எழுத்து இருந்த இடத்தில் துணியின் கண்கள் திறந்துகொள்ளும். அதன் வழியே மையை ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தால், கீழே இருக்கும் காகிதத்தில் போஸ்டர் விழும்.

கேட்க எளிது. ஆனால் நம்ம ஊர் சீசன் மார்கழியில். அதற்கு முன் வருவது ஐப்பசி, கார்த்திகை மழை! வெயில் எட்டிப் பார்க்கும் நேரம் பார்த்து மாடிக்கு ஓட வேண்டும். பூச்சு காயாது, அடித்த மையும் சீக்கிரம் உலராது. வராந்தாவில் கயிறு கட்டி, துணி உலர்த்துகிற கிளிப்பில் போஸ்டர்களைத் தொங்கவிட்டு, இரண்டு நாள் மண்ணெண்ணெய் வாசனையோடு வகுப்புக்குப் போன கூட்டம் எந்த பேட்சிலும் இருந்திருக்கும். இரண்டு கலர் வேண்டும் என்றால் இரண்டு ஸ்கிரீன். அதற்குக் காசு இல்லாதவர்கள் ஒரே ஸ்கிரீனில் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் சிவப்பும் ஊற்றிச் சேர்த்து இழுத்தார்கள். நடுவில் இரண்டும் கலந்து, சூரிய அஸ்தமனம் மாதிரி ஒரு நிறம் வரும். ஒன்றைப் போல் இன்னொன்று இராது.

தமிழ் எழுத்துக்கும் இந்த முறைக்கும் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. அட்டையை வெட்டி ஸ்டென்சில் செய்தால், ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் சின்ன வட்டம் பொத்தென்று கீழே விழுந்துவிடும். ஆங்கிலத்தில் ஓ, ஏ போன்ற சில எழுத்துகளுக்குத்தான் இந்தத் தொல்லை. நம் எழுத்திலோ ண, ன, ழ, ள என்று பார்க்கும் இடமெல்லாம் சுழி. சாக்கு மூட்டையிலும் பெட்டியிலும் அடிக்கிற ஸ்டென்சில் எழுத்துகள் அங்கங்கே வெட்டுப்பட்டுத் தெரிவது, அந்த வட்டங்களைத் தாங்க விட்ட பாலங்களால்தான். ஸ்கிரீனில் துணியே எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வதால் பாலமே வேண்டாம். எனவே அச்சகத்துக் கட்டை எழுத்துக்கு அடங்காத வளைவுகளை எல்லாம் மாணவர்கள் தைரியமாக எழுதினார்கள். வீணையின் தண்டை ‘ஸ்வரம்’ என்ற சொல்லின் அடிக்கோடாக இழுக்கலாம். புள்ளியையே மிருதங்கத்தின் கரணையாக்கலாம். ஒரே பயம், மை கெட்டியாகிச் சுழி அடைத்துக்கொள்வது. “டேய், ‘ண’ மறுபடி அடைச்சுக்கிச்சுடா, துணியைத் துடை!” என்ற குரல் பலருக்கு இன்னும் காதில் கேட்கும்.

அடித்தாயிற்று, ஒட்ட வேண்டுமே! மைதா மாவைக் காய்ச்சி, அதில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டுப் பசை செய்வார்கள். துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது, மயிலாப்பூர் மாடுகளும் வாய் வைக்காது என்பது நம்பிக்கை. மாடுகள் அதை அவ்வளவாக மதித்ததாகத் தெரியவில்லை. லஸ் கார்னர், மாட வீதிகள், பனகல் பார்க், அடையாறு பஸ் டிப்போ என்று ராத்திரி சைக்கிளில் ஒரு சுற்று. பொது இடங்களைக் கண்டபடி ஒட்டி அசிங்கப்படுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோமோ! மறுநாள் காலை அதே இடத்தில் சினிமா போஸ்டர் ஏறியிருக்கும். ஆக, ஒரு கச்சேரி போஸ்டரின் ஆயுள் சராசரியாக ஒரு ராத்திரி. இன்று மிஞ்சியிருப்பவை ஒட்டாமல் விடப்பட்ட பிரதிகளே.

அப்படி மிஞ்சிய போஸ்டரை எடுத்துப் பார்த்தால் சரித்திரம் எழுதுகிறவர் தலையில் கை வைக்க வேண்டியதுதான். பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். தேதி, கிழமை, “மாலை சரியாக 6 மணிக்கு”, “அனைவரும் வருக” எல்லாம் இருக்கும். வருஷம் மட்டும் இராது! அடுத்த வாரக் கச்சேரிக்கு வருஷம் எதற்கு என்று நினைத்துவிட்டார்கள். அச்சக வேலையாக இருந்தால் 1867-ம் ஆண்டுச் சட்டப்படி அடியில் அச்சகத்தின் பெயராவது போட்டிருப்பார்கள். மாடியில் அடித்ததில் அநேகமாக அதுவும் இல்லை.

ஆனாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. ‘டிசம்பர் 21, ஞாயிறு’ என்று ஒரு போஸ்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறுபதுகளின் கடைசியிலிருந்து நூற்றாண்டு முடிவு வரை அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது ஐந்தே முறை: 1969, 1975, 1980, 1986, 1997. முகவரியில் ‘சென்னை-4’ என்று மட்டும் இல்லாமல் ‘600 004’ என்று இருந்தால், பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது என்பதால் 1969 அடிபடும். ‘லை’, ‘னை’ எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற பழைய கொம்போடு இல்லாமல் புது வடிவில் இருந்தால், 1978-ம் ஆண்டு அரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தியது என்று பெரும்பாலும் சொல்லலாம். பெரியார் தம் பத்திரிகையில் 1935-லேயே இந்த வடிவங்களைக் கொண்டுவந்துவிட்டார் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மற்ற தடயங்களோடு சேர்த்துப் பார்த்தால் 1975-ம் போகும். எழுத்து கம்ப்யூட்டரில் கோத்ததாக இல்லாமல் கையால் எழுதியதாக இருந்தால் 1997-ம் சந்தேகம்தான். ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்றிருந்தால் இன்னொரு சாட்சி. ஊர்ப்பெயர் 1996-ல்தான் மாறியது.

மிச்சம் 1980-ஆ, 1986-ஆ? இதற்குமேல் காகிதத்திடம் பதில் இல்லை. அந்த மிருதங்கக்காரர் எந்த பேட்ச் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னால்தான் உண்டு. அந்த ஒருவர் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களாக இருக்கலாம். இன்னும் இருபது வருஷம் போனால் கேட்க ஆளே இருக்காது.

இது பழைய கதை என்று இன்றைய மாணவர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். ஸ்கிரீன் பிரிண்டிங் இன்றும் நம் பக்கத்திலேயே உயிரோடு இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தாரா புக்ஸ் என்ற சென்னைப் பதிப்பகம், கையால் ஸ்கிரீன் அடித்த புத்தகங்களை உலகம் முழுவதும் அனுப்பியது. கோண்டு ஓவியர்களின் படங்களோடு 2006-ல் வந்த அதன் மரங்கள் பற்றிய புத்தகத்துக்கு, இத்தாலியின் போலோக்னா புத்தகக் கண்காட்சியில் 2008-ல் பரிசு கிடைத்தது. மொட்டை மாடி வித்தைக்கு அவ்வளவு மரியாதை! அது போக, நீங்கள் இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கச்சேரி அழைப்பிலும் வருஷம் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். போன் மாறினால் அது மைதா பசையைவிடச் சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

எனவே என் வேண்டுகோள் மூன்று. பரணில், டிரங்குப் பெட்டியில், பழைய ரெக்கார்டு நோட்டுக்குள் போஸ்டரோ நோட்டீஸோ இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். சங்கம் படம் எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தரட்டும். லாமினேஷன் செய்யாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள்; மடிப்பைப் பிரித்து, வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் படுக்கை வசமாக வையுங்கள். பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால், யார் பாடினார்கள், யார் எழுதினார்கள், எந்த வருஷம் என்று நினைவில் உள்ளதைக் குறித்துவிடுங்கள்.

பாடியவர் பெயர் பெரிய எழுத்தில், கடம் வாசித்தவர் பெயர் சின்ன எழுத்தில், மையைக் குழைத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. இப்படித்தான் அந்தப் போஸ்டர்கள் இருந்தன. மூன்று பேருமே நம் கல்லூரிப் பிள்ளைகள். அடுத்த மலர் வருவதற்குள் மூன்று பேரின் பெயரையும் வருஷத்தோடு எழுதி வைத்துவிடுவோம், வாருங்கள்.