அம்மாவைக் கூண்டில் ஏற்றிய காலமும், கிணற்றை அளந்த பையனும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கோரிமேட்டில் காலை வேளையில் ஜிப்மர் வாசலில் நின்றால் விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று பல ஊர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்க்கலாம். பேச்சு வராத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் அம்மாக்களும் அதில் உண்டு. "நீ புள்ளகிட்ட பேசல, போனைக் கொடுத்துட்ட, அதான் இப்படி" என்ற பேச்சைக் கேட்காத தாய் அவர்களில் குறைவு. இந்தப் பழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் தனி நிலையாக அறியப்பட்டது அதிலிருந்துதான். பெற்றோர் பாசம் காட்டாதவர்கள் என்ற தொனியும் அவர் எழுத்தில் இருந்தது. பிறகு 'குளிர்பெட்டித் தாய்' என்ற கொடுமையான பெயரே புழக்கத்துக்கு வந்தது. 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் அந்தப் பழியை ஊரெங்கும் பரப்பியது.

எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பன். இது மூளை வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பால் வருவதல்ல என்று 1964-லேயே புத்தகம் எழுதினார். 1969-ல் பெற்றோர் கூடிய மாநாட்டில் கானரே, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1972-ல் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் தொடங்கிய 'டீச்' திட்டம் பெற்றோரைச் சிகிச்சையில் பங்காளிகளாகவே சேர்த்துக்கொண்டது.

கானர் எழுதிய முதல் பிள்ளை டொனால்ட். மிசிசிப்பி மாநிலத்துச் சிறுவன். 1942-ல் அவனை ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் விட்டார்கள். அவனுக்கு அளப்பதிலும் எண்ணுவதிலும் தீராத பித்து. அவர்கள் அதைத் தடுக்கவில்லை. கிணறு தோண்ட விட்டு ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். சோளக் கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே உழ விட்டார்கள். அந்த டொனால்ட் பின்னாளில் கல்லூரியில் படித்தார். நம் புதுச்சேரிக்காரர்கள் ரசிப்பார்கள், அவர் பட்டம் வாங்கியது பிரெஞ்சில்! வங்கியில் வேலை பார்த்து, 2023-ல் 89 வயதில் காலமானார்.

நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. மேல்நாட்டில் பெற்றோரைத் தள்ளிவைத்த 1950-களிலேயே, அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளியின் குடும்பத்தைக் கூடாரம் போட்டு உடன் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யும் அந்த வழியில் போனது. சென்னை தி.நகரில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில், வளர்ச்சி தாமதமான சின்னக் குழந்தைகளோடு அம்மாவும் உட்கார்ந்து கற்கிறார். 1991-ல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தொடங்கிய மெரி பரூவாவும் ஒரு தாய்தான். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தும், பெற்றோரும் பிள்ளையும் ஒருவரோடு ஒருவர் பழகுவது மேம்பட்டது.

காரணம் எளிது. தெரபி வாரத்துக்கு ஓரிரு நாள், குளியல் தினமும். மேசையில் கற்றதை வீட்டுக்குக் கொண்டுவருவது இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமம், வீட்டிலேயே கற்றால் அந்தச் சிக்கல் இல்லை. எல்லாம் ஒரே வரிசையில் நடக்க வேண்டும் என்ற அவர்கள் பிடிவாதத்தையே பாடமாக்கலாம். தலையில் தண்ணீர், சோப்பு, மறுபடி தண்ணீர், துண்டு. தினமும் அதே வரிசை, அதே சொல். ஒருநாள் "துண்டு" என்று சொல்லுமுன் கொஞ்சம் காத்திருங்கள். கை நீட்டினாலும், ஒரு பார்வை பார்த்தாலும் அது பதில்தான். முழு இட்லியையும் தட்டில் வைக்காமல் ஒரு துண்டு வைத்து, அடுத்ததைக் கேட்க இடம் கொடுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இது மருத்துவருக்கும் தெரபிக்கும் மாற்று அல்ல. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வருவார்கள். அதற்கும் அம்மாவைக் குறை சொல்லக்கூடாது. இவ்வளவையும் அம்மா ஒருத்தி தலையில் கட்டுவதும் ஒருவகைப் பழிதான். சாயங்காலம் துணி மடிக்கும்போது அப்பா சட்டை எது என்று கேட்க அப்பாவால் முடியாதா? தாத்தா பாட்டியால் முடியாதா?

உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஏன் இப்படி என்று அந்தத் தாயிடம் கேட்காதீர்கள். இன்று என்ன கற்றுக்கொண்டான் என்று கேளுங்கள்.