பத்திரமும் படமும்: வன்னியின் நகல்கள்

வன்னியில் நகலெடுக்கும் பழக்கத்தை வளர்த்தது அலுவலகங்களும் இடப்பெயர்வுகளும்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவனுக்கு அனுமதிப்பத்திரமே ஆதாரம். அதனோடு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பங்கீட்டு அட்டை என்று எதைக் கேட்டாலும் ஒரு போட்டோக் கொப்பி நீட்ட வேண்டியிருந்தது. வவுனியா நகரத்துக் கொமினிகேஷன் கடைகளில் தொலைபேசி, பக்ஸ், நகல் மூன்றும் ஒரே மேசையில் இருந்தன. 2002இல் ஏ9 வீதி மீண்டும் திறந்தபின் வடக்குக்கும் கொழும்புக்கும் இடையே ஆட்களோடு கடதாசிகளும் போய்வந்தன. இந்த ஏற்பாடு முழுவதும் எழுத்துக்காகவே அமைந்தது. முகத்துக்கு அதில் இடமில்லை. வீட்டுக்கு ஒரு ஸ்கேனர் வாங்க நினைப்பவர் இந்தக் குறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2004 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்றது. 2009இல் போரின் இறுதியில் போர்ப் பகுதியில் இருந்த வன்னி மக்களில் பெரும்பாலோர் கையில் கிடைத்ததோடு செட்டிகுளம் முகாம்களுக்குப் போனார்கள். தொலைந்த பிறப்புச் சான்றிதழ்களுக்குப் பதிவேட்டைப் பார்த்து மறுபடி எடுக்க வழி இருந்தது. நடமாடும் சேவைகளும் நடந்தன. காணிப் பத்திரத்துக்கு அலைச்சல் கூடுதல் என்றாலும் கேட்பதற்கு ஒரு பிரதேச செயலகம் இருந்தது. கலியாணப் படத்துக்கோ பள்ளிக்கூடக் குழுப்படத்துக்கோ எந்தத் திணைக்களத்திலும் பதிவேடு இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தில் தாய்மார் ஏந்தியிருந்தவை முகங்கள்தான்.

35க்கு 45 மில்லிமீற்றர் கடவுச்சீட்டுப் படமொன்றை எடுத்துக்கொள்வோம். பக்ஸின் நுண்தரமான அங்குலத்துக்குச் சுமார் 200 புள்ளியில் அதன் அகலம் 276 புள்ளிகளே. அதுவும் வெறும் கறுப்பும் வெள்ளையும். 1200 புள்ளியில் 1654 கிடைக்கும்; ஐந்தரை அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிடலாம். ஆகவே வாங்குவது தட்டையான கண்ணாடி ஸ்கேனராக இருக்கட்டும். தாளை உள்ளிழுக்கும் வகை பழைய படத்தை மடிக்கும், கீறும். ஈரத்தில் சுருண்டதும் அல்பத்தில் ஒட்டிப்போனதுமான படங்கள் கண்ணாடியில் முழுதாகப் படியாதவை. அவற்றுக்குச் சிசிடி உணரி உள்ள கருவியே நல்லது. மெல்லிய மலிவுக் கருவிகளின் உணரி கண்ணாடியை விட்டு விலகியதை மங்கலாகவே பிடிக்கும்.

கைத்தொலைபேசி போதாதா என்று கேட்கலாம். பத்திரத்துக்குப் போதும். பளபளப்பான படத்திலோ வெளிச்சம் தெறிக்கும், ஓரம் கோணும். பக்ஸும் சேர்ந்த கருவி வாங்கினால் ஒரே செலவில் முடியுமே என்பது அடுத்த நியாயம். அதற்குத் தரைவழி இணைப்பு வேண்டும். எப்போதாவது அனுப்பும் இரண்டு பக்கத்துக்காக மாதாமாதம் கட்டணம் கட்டுவதைவிடக் கடைக்குப் போவது மலிவு. வீட்டில் வைத்த நகலும் வீட்டோடு போகாதா என்பதுதான் கனமான கேள்வி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் ஆபத்து அது. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் இணையத்தில் இன்னோர் இருப்பிடம் கொடுத்திருக்கிறது. குடும்பப் படங்களுக்கு அந்த வேலையைக் குடும்பமே செய்ய வேண்டும்: ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினரிடம். அனுப்பிவைக்காத வரை ஸ்கேனருக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.